எருக்குழிச் சூடு

சுபானு வருஷம், கார்த்திகை மாதம்
மேட்டு லயம், சுங்கைப் பட்டாணி

சயாமில் ரயில் பாதை வேலைக்குப் போயிருக்கும் மாமா பழனியாண்டி அவர்களுக்கு, வீட்டிலிருந்து மருதம்மாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். இங்கே நானும் உங்கள் தம்பி தர்மலிங்கமும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும் அப்படியே இருந்தால் எனக்குப் போதும். அதற்கு மேல் கேட்கிற காலமா இது?

துணிக்கடை வைத்திருந்த பஷீர் பாய் இப்போது அரிசிக்காக ரயிலேறிச் சயாம் பக்கம் ஹஜ்ஜாய் வரைக்கும் போய் வருகிறார். பாதை வேலைக்குப் போகிற ஆள் யாரையாவது அங்கே பார்த்தால் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். போய்ச் சேருமா பாய் என்று கேட்டேன். எழுதும்மா, எழுதினாத்தானே சேரும் என்றார். கடையில் துணிதான் இல்லை, பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. கடிதாசிக்கும் பஞ்சம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் கெஞ்சி, மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்து பொடியாக இருந்தால் கோபிக்க வேண்டாம்.

ஒரு விசேஷம். போன மாதத்திலிருந்து நம்ம கெடாவும் சயாமைச் சேர்ந்துவிட்டதாம். ஜப்பான்காரன் தூக்கிக் கொடுத்துவிட்டானாம். அலோர் ஸ்டாரில் கொடியை மாற்றிவிட்டார்களாம். நீங்கள் லாரி ஏறிப் போன சயாமுக்கு, நான் அடுப்படியை விட்டு நகராமலே வந்து சேர்ந்துவிட்டேன். ஆனாலும் நீங்கள் கண்ணில் படவில்லை.

நம்மை வேலை வாங்குகிற மண்டோர் சின்னையா, ரயில் பாதைக்கு வீட்டுக்கு வீடு ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டு வந்த அன்று, கல்யாணமாகாதவன் என்று தர்மலிங்கத்தின் பெயரைத்தான் முதலில் சொன்னார். நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு அவனுக்குப் பதிலாக லாரியில் ஏறிவிட்டீர்கள். ஏறும்போது என்னைப் பார்த்து, அவனப் பாத்துக்க என்றீர்கள். எனக்கென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, போகட்டும். பால்பல் விழாத வயதிலிருந்து அவனைப் பார்த்துக்கொள்வது நான்தானே. நமக்கு வேறு பிள்ளையா இருக்கிறது.

அவனைப் பார்த்துக்கொள்வதில்தான் இப்போது சங்கடம் வந்திருக்கிறது. மறைத்து எழுத எனக்குத் தெரியாது. அவன் கால் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, விழுந்த குழி அப்படியே நிற்கிறது. முகம் மட்டும் ஒட்டிப்போய்க் கிடக்கிறது. டிரெஸ்ஸரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மரவள்ளிக் கிழங்கை மட்டுமே தின்றால் இப்படித்தான் ஆகும், மருந்து என்னிடம் இல்லை, பயறு கொடு, கீரை கொடு என்றார். எங்கே போய்க் கொடுக்கிறது என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கீழ் லயத்து வீடுகளில் இதே வீக்கத்தில் வாரம் ஒரு பிணம் போகிறது. முன்பெல்லாம் ஒப்பாரி கேட்கும். இப்போது மண்வெட்டிச் சத்தம்தான் கேட்கிறது.

லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, வீட்டுக்குக் கொஞ்சம் நிலம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் காராமணியும் கீரையும் போட்டேன். முளைத்தது, இரண்டு இலை விட்டது, மஞ்சளடித்து நின்றுவிட்டது. மண்ணும் செங்கல் மாதிரி கிடக்கிறது. நான் ஒன்றும் சோம்பேறித்தனமாக விடவில்லை. புல்வெட்டுக் கும்பலில் நான் வெட்டின நிரையைப் பார்த்து வெள்ளைக்காரத் துரையே தலையை ஆட்டிவிட்டுப் போனவர். ஒரு சருகு கிடக்காது. அப்படித்தான் இந்த நிலத்தையும் வைத்திருக்கிறேன். தினமும் கூட்டி அள்ளிக் கொளுத்துகிறேன். சாம்பலையும் தூவிப் பார்த்தேன். ஒரு மழை வந்தது, சாம்பல் ஓடைக்குப் போய்விட்டது.

அடுத்த வீட்டு இராசாத்தியை மறந்திருக்க மாட்டீர்கள். அவள் வீட்டுக்காரரும் உங்களோடு அதே லாரியில்தான் வந்தார், பார்த்தால் அவள் கேட்டதாகச் சொல்லுங்கள். அவள் நிலத்தைப் பார்த்தால் உங்களுக்கே துடைப்பத்தைத் தேடத் தோன்றும். சருகும் குப்பையும் கிழங்குத் தோலும் போட்டது போட்டபடி கிடக்கிறது. இதில் எலி குடித்தனம் நடத்துமாடி என்று கேட்டேன். எலி வந்தா பிடிச்சுத் தின்னுக்கலாம்க்கா என்கிறாள். இவளிடம் என்னத்தைப் பேச.

வேறு விசேஷம் இல்லை. கொசு அதிகமாம் உங்கள் பக்கத்தில். வேப்பிலைக்கு எங்கே போவீர்கள், ஏதாவது ஒரு பச்சிலையைப் போட்டுப் புகை மூட்டிக்கொள்ளுங்கள். மாரியம்மன் உங்களைக் கைவிட மாட்டாள் என்றுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். எண்ணெய் இல்லாத நாளில் கற்பூரமும் இல்லை, கும்பிட்டு மட்டும் வைக்கிறேன்.

இப்படிக்கு,
மருதம்மாள்


தாரண வருஷம், சித்திரை மாதம்
மேட்டு லயம்

மாமா அவர்களுக்கு, மருதம்மாள் எழுதுவது.

முன்னால் எழுதின கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. யாரோ ஓர் ஆளிடம் கொடுத்ததாக பஷீர் பாய் சொன்னார். யாரோ என்றால் யார் என்று கேட்டால் பேச்சை அரிசி விலைக்கு மாற்றுகிறார். கிடைத்ததாகவே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

தர்மலிங்கம் இருக்கிறான். கால் இறங்கவில்லை. ஆனால் ஏறவும் இல்லை. பங்குனியில் மறுபடி லாரி வந்தது. ஜப்பான் சிப்பாய் ஒருவன் லயம் லயமாக வந்து ஆட்களை வரிசையில் நிறுத்தினான். உங்கள் தம்பியின் காலைக் கட்டை விரலால் அழுத்தினான். குழி விழுந்தது. இவன் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். அன்றைக்கு அந்த வீங்கின காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் அந்தக் காலை வைத்துக்கொண்டு இன்னொரு மழைக்காலத்தை அவன் தாண்ட மாட்டான் என்று டிரெஸ்ஸர் சொல்லிவிட்டார். எப்படியும் அவனைத் தேற்றியாக வேண்டும். நீங்கள் அவனுக்காகப் போய்விட்டு, இங்கே அவன் போய்விட்டால், நான் உங்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்.

இப்போது நிலத்துச் சங்கதி. தை மாதம் இராசாத்தி ஒரு கூடை நிறையக் காராமணி பறித்துக்கொண்டு வந்து, இந்தாக்கா, தம்பிக்குக் குடு என்று நீட்டினாள். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. திருடினாயா என்று கேட்டுவிட்டேன். வா, வந்து பாரு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சரிவில் அவள் பங்கு நிலத்தில் கொடி இடுப்புயரம் நிற்கிறது. என்னடி மாயம் என்றேன். வெட்டுறதுக்குச் சோம்பப்பட்டு, மண்ணு எங்க லேசா இருக்கோ அங்கன ஊனுனேன், அவ்வளவுதான் என்றாள்.

அவள் ஊன்றிய இடம் எது தெரியுமா? மழையில் மண் ஓடாமல் இருக்கச் சரிவில் வரிசையாகக் குழி வெட்டி வைத்திருந்தோமே, அந்தக் குழிகள். துரை இருந்தவரை வருஷா வருஷம் தூர் அள்ளுவோம். ஜப்பான்காரன் வந்து துரை ஓடிப்போன பிறகு யார் அள்ளினார்கள்? மேட்டிலிருந்து உருண்டு வந்த ரப்பர் இலையெல்லாம் அதில் விழுந்து, மழைத் தண்ணீரில் ஊறி, மக்கி, குழி நிறைந்து கிடந்திருக்கிறது. நான் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் போயிற்று. கருப்பு மண். அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்கிறது, தட்டினால் பொலபொலவென்று உதிர்கிறது. புழு நெளிகிறது. நாற்றமே இல்லை, மழை விட்டதும் வருமே, அந்த வாசனைதான். பக்கத்திலேயே என் நிலம். துடைத்து வைத்த தாம்பாளம். அதில் ஒன்றும் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் இராசாத்தியையே நாலு திட்டுத் திட்டினேன். அவள் பாவம், சிரித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து இலையைக் கூட்டிக் கொளுத்தியிருக்கிறேன். துரை கொளுத்தச் சொன்னார், மண்டோர் கொளுத்தச் சொன்னார், ஒரு மூட்டை இலை எரிந்து ஒரு கைப்பிடிச் சாம்பலாயிற்று. அதே இலை நனைந்து மக்கினால் மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொள்கிறது. வெயிலடித்தாலும் ஈரத்தை விடுவதில்லை. மழை கொட்டினாலும் கரைந்து ஓடுவதில்லை. பிஞ்சு வேர்கூடத் துளைத்துக்கொண்டு போகிறது. இவ்வளவுதான் சங்கதி. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை நாள்.

மாசியில் ரப்பர் இலை உதிர்ந்ததும் நான் கொளுத்தவில்லை. தர்மலிங்கமும் நானுமாக லயத்துக்குப் பின்னால் ஆள் இடுப்பளவு குழி வெட்டினோம். வீங்கின காலோடு அவன் வெட்டினான், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. சருகு ஒரு தட்டு, பச்சைத் தழை ஒரு தட்டு, மேலே மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றி, மறுபடி சருகு. அடுப்புச் சாம்பல், மீன் செதிள், கிழங்குத் தோல் எல்லாம் அதற்குள்தான். மண்டோர் சின்னையா வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஏம்மா மருதம்மா, லயத்துப் பக்கத்துல குப்பையச் சேக்கிறியே, துரை பாத்தா என்ன ஆகும் என்றார். துரை எங்கே மண்டோரே என்றேன். துரை இல்லாட்டி என்ன, நான் இருக்கேன்லா என்றார். இருங்கள், நன்றாக இருங்கள் என்று சொல்லிவிட்டு இன்னொரு கூடையைக் கொட்டினேன்.

அவசரத்தில் ஒரு தப்பும் செய்தேன். பாதி மக்கினதை எடுத்துக் கீரைக்குப் போட்டுவிட்டேன். கீரை சுருண்டு வெளிறிப் போய்விட்டது. உங்கள் தம்பிதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு நீளக் குச்சியைக் குழிக்குள் செருகி வைக்கிறான். காலையில் உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறான். சுட்டால் இன்னும் வேகிறது, இப்போது தொடாதீங்கண்ணி என்கிறான். முறை வைத்துப் புரட்டிக் கொடுக்கிறோம். புரட்டும்போது ஆவி பறக்கிறது. மழை நாளில் குழி ஓரத்தில் காலை நீட்டிக்கொண்டு, அந்தச் சூட்டில் உட்கார்ந்திருக்கிறான். காலுக்கு இதமாக இருக்கிறதாம். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கொள்கிறேன்.

கீழ் லயத்துக்காரர்களைப் புதைத்த மேட்டிலும் புல்லும் கீரையும் கருகருவென்று நிற்கின்றன. அங்கே மட்டும் பறிக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பறிக்கிறவர்கள் பறிக்கிறார்கள்.

குழி ஆறினதும் பயறு போடுகிறேன். நல்ல சேதியாக அடுத்த தடவை எழுதுவேன். அதுவரைக்கும் உங்கள் உடம்பு உங்கள் பொறுப்பு. ராத்திரியில் பனியில் படுக்காதீர்கள்.

இப்படிக்கு,
மருதம்மாள்


தாரண வருஷம், ஐப்பசி மாதம்
மேட்டு லயம்

மாமா,

தர்மலிங்கத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் பக்கத்துக்குத்தான். இதை முதலிலேயே எழுதிவிட்டேன். கடைசியில் எழுதலாம் என்று வைத்தால் எழுதாமலே முடித்துவிடுவேன்.

இப்போது நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஆனி மாதம் குழி ஆறிவிட்டது. ரப்பர் இலை ஒன்றுகூட அடையாளம் தெரியவில்லை. கருப்பாக, தூள் தூளாக, அள்ள அள்ள வந்தது. கூடை கூடையாகச் சுமந்து செம்மண்ணில் கலந்தோம். காராமணி போட்டோம், கீரை போட்டோம், பூசணி தானாக முளைத்தது. ஆவணியில் காய் வந்தது. மாமா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சரிவில் பச்சையாக வேறு ஒன்றும் இல்லை, என் நிலமும் இராசாத்தி நிலமும்தான். மண்டோர் சின்னையாவே வந்து, மருதம்மா, கொஞ்சம் எரு குடேன் என்று நின்றார். கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுக்க என்னால் முடியவில்லை, துரையைக் கேட்டுவிட்டு வந்தீர்களா என்று கேட்டேன்.

பயறும் கீரையும் தின்னத் தின்ன உங்கள் தம்பியின் கால் வற்றியது. முதலில் விரலால் அழுத்தினால் குழி மெதுவாக ஏறியது. அப்புறம் விழவே இல்லை. தினமும் காலையில் நான் அழுத்திப் பார்ப்பேன், அண்ணி, இது காலா மாங்காயா என்று கேட்பான். பிறகு கெண்டைக்கால் திரண்டது. தோள் விரிந்தது. குரல்கூட மாறிவிட்டது. டிரெஸ்ஸர் வழியில் பார்த்துவிட்டு, இவனா அவன் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. நீங்கள் போன பிறகு நான் சிரித்தது அந்த இரண்டு மாதம்தான்.

இராசாத்திதான் எச்சரித்தாள். அக்கா, கால் வத்திப்போச்சு, லாரி வந்தா என்ன பண்ணுவ என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கந்தல் துணியைக் கிழித்து அவனிடம் கொடுத்தேன். லாரிச் சத்தம் கேட்டதும் உட்கார்ந்துவிடு, காலில் சுற்றிக்கொள், எழுந்திருக்காதே என்றேன். சரிங்கண்ணி என்று இடுப்பில் செருகிக்கொண்டான். எங்கே போனாலும் அது அவன் இடுப்பில் இருந்தது.

போன வாரம் லாரி லயத்துப் பக்கம் வரவில்லை. மேட்டு ரோட்டு வழியாக வந்திருக்கிறது. அந்தப் பக்கத்துச் சத்தம் எங்களுக்குக் கேட்காது. தர்மலிங்கம் அப்போது எருக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறிக்கொண்டிருந்தான். நிறைகூடை. ஈர எரு எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியும். அவன் அதைச் சுமந்துகொண்டு ஓட்டமாக ஏறினான், ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டார்கள். லாரி நின்றது. அவன் கூடையை இறக்கிவிட்டு நொண்டிப் பார்த்தானாம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் கீழேயிருந்து ஓடினேன். சிப்பாய் அவன் புஜத்தைப் பிடித்துப் பார்த்தான். பிறகு குனிந்து காலை அழுத்திப் பார்த்தான். குழி விழவில்லை. முதுகில் ஒரு தட்டுத் தட்டி ஏறச் சொன்னான். இவன் நோயாளி என்று நான் கத்தினேன். அங்கே வந்து நின்ற மண்டோர் சின்னையாவும், சாக்கித், துவான், சாக்கித், நோயாளி துரை என்று மலாயும் தமிழுமாகக் கெஞ்சினார். அதையும் சொல்ல வேண்டும், அந்த மனுஷன் காலில் விழுந்தார். துவான் சிரித்தான். லாரியில் முன்பே ஏற்றியிருந்தவர்களில் கால் வீங்கினவர்களையெல்லாம் இறக்கிவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் நடந்து வீட்டுக்கு வந்தார்கள்.

லாரி கிளம்பும்போது அவன் என்னைப் பார்த்து, அண்ணி, இன்னிக்குக் குழியப் புரட்டணும் என்றான். அவனும் எனக்கென்று ஒரு வார்த்தை வைக்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரிதான்.

புரட்டினேன். அவர்கள் போன பிறகு வந்து, குழியைப் புரட்டி, தண்ணீர் தெளித்து, சாக்கைப் போட்டு மூடினேன். அப்புறம் அவன் இறக்கி வைத்த கூடையை எடுத்துக்கொண்டு போய்ப் பயறுக்குப் போட்டேன். இராசாத்திதான் அழுதாள். எனக்கு வரவில்லை, இன்னும் வரவில்லை. கால் வீங்கியே இருந்திருக்கலாம்க்கா என்றாள். இருந்திருந்தால் ஆடியிலேயே அவனைப் புதைக்கிற மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இதையேதான் திருப்பித் திருப்பி எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். பயறு கொடுத்தது தப்பா, மாமா? நீங்களாவது சொல்லுங்கள். நான் வேறு யாரிடம் கேட்பேன்.

பயறு காய்த்துக் குலுங்குகிறது. பறித்து லயத்தில் கால் வீங்கினவர்களுக்குக் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொண்டவர்கள் சிலர், வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள் சிலர். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேண்டாம் என்ற வீட்டு வாசலிலும் ஒரு பிடி வைத்துவிட்டு வந்தேன். காலையில் பார்த்தால் எடுத்திருந்தார்கள்.

பஷீர் பாய் நாளைக்கு ரயிலேறுகிறார். அதனால் அவசரமாக எழுதுகிறேன். நீங்கள் எந்தக் கேம்பில் இருந்தாலும் புதிதாக வருகிற ஆட்களைப் போய்ப் பாருங்கள். தம்பியைக் கண்டால் கோபிக்காதீர்கள். நான் சொன்னதை அவன் மீறவில்லை, சத்தம்தான் கேட்கவில்லை. அவனுக்குப் பசி தாங்காது, உங்களுக்குக் கிடைப்பதில் கொஞ்சம் கொடுங்கள்.

அவனைத் தேடுவதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நீங்கள் விட்டுப் போனபோது அவன் குச்சிக் கையும் ஒட்டின கன்னமுமாக இருந்தான். அந்த அடையாளத்தில் தேடினால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. இப்போது போனவன் நல்ல ஆள். உங்கள் நீலச் சட்டையைப் போட்டிருக்கிறான், தோளில் அது அவனுக்குப் பிடிக்கிறது. உடம்பு பூரித்த பையனாகப் பார்த்துத் தேடுங்கள்.

இதை எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்த்தேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர எத்தனை மாதம் ஆகுமோ. அதனால் இளைத்தவர்களையும் பார்த்துவிடுங்கள். கால் வீங்கிப் படுத்திருப்பவர்களையும் ஒரு தடவை முகத்தைத் திருப்பிப் பாருங்கள். எல்லா விதமாகவும் தேடுங்கள், மாமா. மாரியம்மன் உங்கள் கண்ணுக்கு அவனைக் காட்டட்டும்.

இப்படிக்கு,
மருதம்மாள்